சிறிய கையும் முதல் ஆசனமும்

ஆனையிறவுப் பெருவெளியைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டினுள் நுழையும் பிரயாணி முதலில் உவர் நிலத்தையும், பின்னர்ப் பளைப் பகுதியின் தென்னஞ்சோலைகளையும், அதன்பின் வானளாவிய பனங்கூடல்களையும் காண்பான். இன்னும் அப்பாற் சென்றால் வலிகாமத்தின் செம்மண் தோட்டங்கள் அவனை வரவேற்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோவில், கீரிமலைக் கேணி, புத்தூர் நிலாவரைக் கிணறு, ஒல்லாந்தர் கோட்டை என வழிகாட்டி நூல்கள் கூறும் இடங்களை அவன் இரண்டொரு நாளிற் பார்த்து முடித்துவிடலாம். ஆயினும், இம்மண்ணின் மக்களுடைய மனப்போக்கை அறிய விரும்புவோன், மாலை ஐந்து மணிக்குப் பின் ஏதேனும் ஒரு கிராமத்து வாசிகசாலைப் பக்கம் சற்றே நடந்து செல்லல் வேண்டும். அங்கே பத்திரிகை வாசிப்போர் சிலர் இருப்பர். அவர்களுக்கு அப்பால், பூவரச மர நிழலிலோ சீமெந்துத் திண்ணையிலோ, நால்வர் எதிரெதிரே அமர்ந்து தாள்களை விசிறிபோல் விரித்துப் பிடித்திருப்பர். அவர்களைச் சூழ்ந்து நிற்போரோ, நால்வர் கைகளையும் கண்டும் வாய் திறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருப்பர். அதுவே 'முந்நூற்றுநாலு' என்னும் கடுதாசி விளையாட்டு.

இவ்விளையாட்டில் அடிக்கடி எழும் இக்கட்டு ஒன்று உண்டு. கையில் வந்த தாள்கள் சிறியவை. ஆனால் மற்றவர் மூவரும் பேசுமுன் தானே முதலிற் பேசவேண்டிய ஆசனத்தில் ஒருவன் இருக்கிறான். அவன் செய்யத்தக்கது யாது? சீட்டாட்டம் உள்ள நாடுகளில் எல்லாம் இக்கேள்வி உண்டு. குடாநாட்டார் அதற்குக் கண்ட விடை கடுதாசி ஆட்டத்துக்கு மட்டும் உரியதன்று என்பதால் அதனை இங்கு விரித்துரைக்கத் துணிந்தோம்.

எங்கெங்கும் நால்வர்

முந்நூற்றுநாலுக்கு மண்டபம் வேண்டியதில்லை, மேசையும் வேண்டியதில்லை. பழைய யாழ்ப்பாணத்து வீடுகளின் முன்னே வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுவதற்கென்று கூரை வேய்ந்த சங்கடப்படலைகள் இருந்தன. பருத்தித்துறையில் தெருவின் இருமருங்கும் கற்றூண்கள் எழுந்து, வீதியே உள்ளூடாகச் செல்லும் தெருமூடி மடத்தை இன்றும் காணலாம். நிழலும் ஓய்வும் நான்கு பேரும் கூடிய இடமே இந்த ஆட்டத்திற்குப் போதும். வாடைக் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வடகரை மீனவரின் வாடிகளிலும், வெங்காயத்திற்கு நீர் இறைத்து முடிந்த உச்சிப்பொழுதில் தோட்டத்துக் கொட்டில்களிலும் தாள்கள் விரியும். கல்யாண வீட்டிற் பந்தற்காரர் வேலை முடித்த இரவிலும், செத்த வீட்டில் உறக்கம் விழித்திருக்க வேண்டிய நீண்ட யாமங்களிலும் இதுவே துணை. விடுமுறை நாட்களில் வீட்டு விறாந்தையிற் பெண்களும் பிள்ளைகளும் கூடி ஆடுதலும் உண்டு.

புகையிரதத்தைக் கூறாது விடின் இப்பட்டியல் நிரம்பாது. கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. கொழும்புக் கந்தோர்களிற் கடமையாற்றிய யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, முழங்கால்களின் மேல் ஒரு பெட்டியை வைத்து, அதன்மேற் பத்திரிகைத் தாளை விரித்து ஆட்டத்தைத் தொடங்கிவிடுவர். சுமார் 400 கிலோமீற்றர் வழி அவர்களுக்குத் தெரியாமலே கழிந்துபோம். முன்பின் அறியாதவர் ஒருவர் நான்காமவராக வந்து சேர்ந்து, இறங்குமுன் உறவுமுறை கண்டுபிடித்து, வீட்டுக்கு அழைப்பும் பெற்றுச் செல்வது அந்த வண்டியில் அபூர்வமன்று.

முந்நூற்றுநாலு என்றது ஏன்?

அறியாதார் பொருட்டு ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கிச் சொல்வோம். ஏழு முதல் ஆசு வரையுள்ள 32 தாள்கள் இதற்கு வேண்டும். (அறுவர் ஆறையும் சேர்த்து 36 தாள்களால் ஆடும் முறையும் உண்டு.) இங்கே அரசனும் அரசியும் பெரியவரல்லர். ஜாக் எனப்படும் தாளே தலைமையானது. அதற்கு 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு 20. ஆசுக்கு 11, பத்துக்கு 10, அரசனுக்கு 3, அரசிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்திற்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் 304 புள்ளிகள். பெயர்க் காரணம் இதுவே.

எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவர் ஒரு கட்சி. முதலில் ஆளுக்கு நான்கு தாள்களே வழங்கப்படும். அவற்றைக் கண்டதும் கேள்வி தொடங்கும். தம் கட்சி இத்தனை புள்ளி எடுக்கும் என்று ஏலம் கூறுவதே கேள்வி. மொத்தத்திற் பாதி 152 அல்லவா? ஆகவே, பாதிக்கு மேற்பட்ட 160இலிருந்து கேள்வி எழும். மிகுதியாகக் கேட்டவர் தம் கைத்தாள் ஒன்றை முகங்குப்புற மூடிவைப்பார். அதன் இனமே துரும்பு. துரும்பிற் சிறிய ஏழும் வேற்றினத்து ஜாக்கை வெட்டும். இன்னதென்று அதை அவரன்றி வேறெவரும் அறியார். அதன் பின்னரே மற்றை நான்கு தாள்களும் கைக்கு வரும். ஊருக்கு ஊர் சிறு மாற்றங்கள் உண்டெனினும் அடிப்படை இதுவே.

இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது? ஜாக்கையும் ஒன்பதையும் தலைமையாக வைக்கும் வழக்கம் ஒல்லாந்து, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளின் பழைய ஆட்டங்களில், துரும்பு இனத்தில் மட்டும், காணப்படுகிறது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்த ஒல்லாந்தரே இதன் வித்தை இங்கு இட்டிருத்தல் கூடும் என ஆராய்வோர் கருதுவர். அவர்கள் விட்டுச் சென்ற சொற்களும் இதற்குத் துணைநிற்கின்றன. 'கந்தோர்' அவர்கள் சொல். கடுதாசியில் முதியோர் வழங்கும் 'கலாவரை'யும் அவர்கள் சொல்லே. சிங்கள மக்கள் நான்கு இனங்களுக்கும் வழங்கும் பெயர்கள் ஒல்லாந்த மொழியிலிருந்தே வந்தவை. கேரளத்தில் ஆடப்படும் 'இருபத்தெட்டு' இதன் உடன்பிறப்பு. கடல் கடந்து தென்னாபிரிக்காவின் டர்பனுக்குச் சென்றால், கரும்புத் தோட்டக் கூலிகளாக 1860 முதல் நேட்டாலுக்குச் சென்ற இந்தியரின் வழித்தோன்றல்கள் ஆடும் 'துனி' என்னும் ஆட்டத்திலும் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, மொத்தம் 304 என்ற அதே கணக்கைக் காணலாம்.

முதல் ஆசனத்தின் தொல்லை

இனி நமது இக்கட்டுக்கு வருவோம். தாள் பகிர்ந்தவரின் வலப்புறத்தவரே முதலிற் பேசவேண்டியவர். மற்றை மூவர் மனத்தில் உள்ளது எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் மனத்தில் உள்ளதையோ மூவரும் அறிந்துகொள்வர். ஆட்டம் தொடங்கும்போது முதல் தாளை இறக்கவேண்டியவரும் பொதுவாக அவரே. எதிர்க்கட்சி கேட்டிருந்தால், துரும்பு இன்னதென்று தெரியாமலே இறக்கவும் வேண்டும்.

அத்தகைய ஆசனத்தில் இருப்பவருக்கு ஆர்த்தினிற் பத்தும் அரசனும், கலாவரையில் எட்டு, இன்னோர் இனத்தில் ஏழு என்று வந்தால் எப்படியிருக்கும்? மொத்தம் 13 புள்ளிகள். இத்தகைய கை அருமையாக வருவதென்று எண்ணவேண்டாம். கணக்கிட்டுப் பார்த்தால், முதல் நான்கு தாள்களில் ஜாக்கும் ஒன்பதும் இரண்டும் இல்லாதிருப்பது நூற்றுக்குச் சுமார் 30 முறை நிகழும். ஆகவே, சிறு கையை நடத்தத் தெரியாதவன் பத்து ஆட்டத்தில் மூன்றை அறியாதவன்.

இங்கேதான் ஆசை பிடித்திழுக்கும். 'இன்னும் நான்கு தாள் வரவேண்டியிருக்கிறதே! அதில் ஜாக் வராதா?' என்று மனம் சொல்லும். அதுவும் வெறுங்கனவன்று. முதல் நான்கில் ஜாக்கோ ஒன்பதோ இல்லாதவனுக்கு அடுத்த நான்கில் ஒரு ஜாக்காவது வருவது நூற்றுக்குச் சுமார் 48 முறை, ஏறக்குறையச் சரிபாதி. பாதி வாய்ப்பை நம்பிக் கேட்டால் என்ன? விடை கல்லில் இருக்கிறது. வெற்றி தோல்விகளைக் கல்லோ புளியங்கொட்டையோ வைத்துக் கணக்கிடுவர். சிறு கேள்வியில் வென்றால் ஒரு கல் வரவு. தோற்றால் இரண்டு கல் செலவு என்பது பலரும் கொள்ளும் முறை. மூன்று முறை கேட்டவன் இரண்டு முறை வென்றால்தான் நட்டமின்றித் தப்புவான். பாதி வாய்ப்பில் வாய் திறப்பவன் மெல்ல மெல்லக் கல்லை இழப்பான் என்பதைச் சிறுவனும் கணக்கிட்டறியலாம். அன்றியும், வரும் அந்த ஜாக் தான் துரும்பாக மூடிய இனத்தில் வரவேண்டுமென்று கட்டாயம் ஏதுமில்லை.

மேல்நாட்டுப் போக்கரிலும் இதே நிலை உண்டு. ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்துப் பொதுத் தாள்களை மேசையில் விரிக்கும் முறையில், ஒருவனுக்கு இரண்டு மூன்றுகளோ இரண்டு நான்குகளோ சோடியாக வந்ததென்க. முதலில் விரியும் மூன்று பொதுத் தாள்களில் அச்சோடிக்கு இன்னொரு துணை கிட்டுவது நூற்றுக்குச் சுமார் 12 முறையே. போட்டிப் பந்தயத்திலோ கைவசமுள்ள காய்களை இழந்தவன் பெரும்பாலும் வெளியேற வேண்டியவன். ஆதலால் அனுபவசாலிகள் முதல் ஆசனத்தில் இருக்கையில் சிறு சோடியைப் பெரும்பாலும் கீழே வைத்துவிடுவர். அல்லது மிகக் குறைந்த செலவில் மட்டும் உள்நுழைந்து, துணை கிட்டாவிடில் உடனே ஒதுங்குவர். ஆனால், போக்கரில் ஒதுங்கியவன் அந்த ஆட்டத்திற்கு அந்நியன். கைகட்டி இருப்பதன்றி அவனுக்கு வேறு வேலையில்லை. முந்நூற்றுநாலில் அப்படியன்று. கேள்வியை விட்டவனுக்கும் எதிரே ஒரு துணைவர் இருக்கிறார். அவனுடைய உண்மையான வேலை அதன் பின்னரே தொடங்குகிறது.

சிறு தாளின் வேலை

முதற் பாடம், பேசாதிருத்தல். சில ஊர்களில், தான் கேளாமல் துணைவரையே கேட்கச் சொல்லும் வழியும் உண்டு. கை வெறுமையாக இருக்கும்போது அவ்வழியை நாடுவது, தன் சுமையைப் பிறர் தலையில் ஏற்றுவதாகும். துணைவர் கையும் வெறுமையாக இருந்தால் இருவரும் ஒருங்கே வீழ்வர். விட்டுவிடுவதே நன்று.

இரண்டாம் பாடம், தனித்து நிற்கும் சிறு தாளை முதலில் இறக்குதல். கலாவரை எட்டு ஒன்றுதான் கையிலுண்டு. அதற்குப் புள்ளி ஏதுமில்லை. அதை இறக்கினால் இழப்பொன்றுமில்லை. ஆனால், அடுத்த முறை எதிரி கலாவரை ஜாக்கைப் பெருமிதத்தோடு இறக்கும்போது, கலாவரையே இல்லாத இவன் வேறொரு தாளை மூடிப் போடலாம். துரும்பைக் கேட்டவர் அதைப் புரட்டிப் பார்ப்பார். அது துரும்பாக இருந்துவிட்டால், வெறும் ஏழு எதிரியின் 30 புள்ளியையும் வெட்டிக்கொண்டு வரும். 160 கேட்டவரைத் தோற்கடிக்க எதிர்க்கட்சிக்கு 145 புள்ளி போதும் என்பதை நினைத்தால் அந்த ஒரு வெட்டின் மதிப்பு விளங்கும்.

மூன்றாம் பாடம், ஏற்றிவிடுதல். துணைவரின் ஜாக் பிடியை எடுக்கும் என்று கண்டால், கையிலுள்ள பத்தை அதன்மேற் போட்டுவிடல் வேண்டும். தானே ஒரு பிடி எடுக்க ஆசைப்பட்டுப் பத்தை ஒளித்து வைத்திருப்பவன், ஈற்றில் அதை எதிரியின் ஒன்பதுக்குப் பலிகொடுப்பான்.

ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் நிகழும் விசாரணை ஆட்டத்தினும் சுவையானது. அதனை இவ்வாறு கேட்கலாம்:

"தம்பி, கையிலை ஒண்டுமில்லாமல் ஏன் வாய் திறந்தனீ?"

"பத்தும் அரசனும் இருந்தது, அண்ணை."

"பத்து எனக்கு ஏத்திவிடுற தாள். கேக்கிற தாளில்லை. நீ பேசாமல் இருந்திருந்தால் நான் பேசியிருப்பன்."

தம்பி தலை குனிவான். சூழ நின்றோர், அதுவரை அடக்கி வைத்திருந்த கருத்துக்களையெல்லாம் ஒரே நேரத்திற் கொட்டுவர். மீண்டும் தாள் பகிரப்படும். தம்பி இம்முறை பேசாதிருப்பான். பள்ளிச் சிறுவன் ஒருவன் முதியோர் நடுவே சரியாசனத்தில் அமர்ந்து, குற்றம் கேட்டு, மறுபடியும் நம்பப்படுகின்ற இடம் எங்கள் ஊர்களில் இதனினும் வேறு பல இல்லை.

மண்ணும் கையும்

குடாநாட்டுக்கு இயற்கை வழங்கிய தாள்களும் சிறியவையே. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில வாரங்களிற் பெய்து முடியும். அந்த நீர் சுண்ணாம்புக் கல்லினுள் இறங்கி, அடியிலுள்ள உவர் நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணற்றில் அளவோடு இறைப்பவனுக்கு நன்னீர். பேராசைப்பட்டு அளவுமீறி இறைப்பவனுக்கு உவர் ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பதைச் சோதித்தறிந்துள்ளனர். இத்தகைய கையை வைத்துக்கொண்டே இம்மக்கள் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தனர், பிள்ளைகளைப் படிப்பித்தனர், மலாயாவுக்கும் கொழும்புக்கும் உத்தியோகம் தேடிச் சென்று வீட்டுக்குப் பணம் அனுப்பினர். ஒருவர் கையிலுள்ள பத்து மற்றொருவர் பிடியில் ஏற்றப்பட்டது என்றே இதனைச் சொல்லவேண்டும்.

நான்காமவர் எங்கே?

ஆயின், இந்த ஆட்டத்துக்கு நால்வர் வேண்டும். 1990இல் யாழ்தேவி குடாநாட்டுக்கு வருவது நின்றது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிற் புறப்பட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அவ்வாண்டுகளிலும் அதற்கு முன்னும் பின்னும் கடல் கடந்து போனோர் பலர். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டிருந்த யாழ்ப்பாண மாவட்டம், 2012ஆம் ஆண்டு மதிப்பில் 6 இலட்சத்துக்குக் குறைவானோரையே கொண்டிருந்தது. பூட்டிய படலைகள் உள்ள ஒழுங்கைகளில், முந்நூற்றுநாலுக்கு மூவர் அமர்ந்து நான்காமவருக்காகத் தெருவைப் பார்த்திருக்கும் மாலைகள் உண்டு.

போனோரும் ஆட்டத்தை மறந்தாரல்லர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் யாழ்ப்பாணப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் முந்நூற்றுநாலுப் போட்டிகளை நடத்துகின்றன. கைத்தொலைபேசியிலும் இப்போது ஆடலாம். 2014 ஒக்டோபர் 13ஆந் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கும் சென்றது. தொலைபேசியில் ஆடுவோர்க்குத் துணைவரின் முகம் தெரிவதில்லை, விசாரணையும் இல்லை. தோற்றவன் ஒரு பொத்தானை அழுத்திப் புதுத் துணைவரைத் தேடிக்கொள்வான். அண்ணையின் முகத்தைப் பார்த்து மறுபடி தாளை எடுக்கும் பழக்கம் அங்கே வராது.

கடுதாசி பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. பணம் வைத்து ஆடத் தொடங்கும் நாளில் இது சூதாகிவிடும். பணம் வந்த இடத்தில், துணைவரின் தவறைப் பொறுக்கும் மனமும் போய்விடும். புளியங்கொட்டைக்கு ஆடுமளவும் இது நல்ல பள்ளிக்கூடமே. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள், வாசிகசாலைத் திண்ணையில் மூவர் காத்திருக்கக் கண்டால் தயங்காது அமர்க. சிறு தாள்களே வரினும், முதல் ஆசனமே கிட்டினும் அஞ்சற்க. அளவறிந்து பேசாதிருந்து, எதிரே இருப்பவர் பேசும்போது கையிலுள்ள பத்தை மனமுவந்து ஏற்றிவிடுக. ஊரிற் குறைவாயிருப்பது ஜாக்கன்று, நான்காமவரே.